பில் போடும் இடத்திலும் சேவை மேசையிலும் நடப்பவை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்கள் சேவை மேசைக்கு வருகிற புகார்களில் "ஊழியர் முகம் கொடுத்துப் பேசவில்லை" என்பதும் உண்டுதான். ஆனால் பெரும்பாலானவை வேறு மாதிரி இருக்கின்றன. ரேக்கில் ஒரு விலை, பில்லில் இன்னொரு விலை. கம்ப்யூட்டரில் ஸ்டாக் இருக்கிறது என்கிறீர்கள், போய்ப் பார்த்தால் காணோம். பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தால் சந்தேகப்பட்டுப் பார்க்கிறீர்கள். ஊழியர்களுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்து இவற்றைத் தீர்த்துவிட முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிச் சண்டை வராது என்று தோன்றுகிறது. அதனால்தான் இந்த மடல், கொஞ்சம் நீளமாகவே.

முதலில் விலை. பார்கோடுக்குள்ளேயே விலை இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். எடை போட்டு ஒட்டுகிற சில சீட்டுகளைத் தவிர, மற்றவற்றில் இருப்பது பொருளின் அடையாள எண் மட்டும்தான். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரின் சூப்பர் மார்க்கெட் ஒன்றில், 1974 ஜூன் 26 அன்று ஒரு சூயிங்கம் பாக்கெட்டை ஸ்கேன் செய்தார்கள். இன்று எல்லாக் கடைகளிலும் இருக்கிற இந்த முறை அங்கேதான் தொடங்கியது. கோடுகள் எண்ணைச் சொல்லும்; அந்த எண்ணுக்கு இன்று என்ன விலை என்பதைக் கடையின் கம்ப்யூட்டர் சொல்லும். ஆக, விலை இரண்டு இடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அதை மாற்ற ஒரு நொடி போதும். ரேக் விளிம்பில் இருக்கும் காகிதச் சீட்டை மாற்ற ஒருவர் கையில் கட்டுடன் வரிசை வரிசையாக நடக்க வேண்டும். சலுகை தொடங்குகிற நாளும் முடிகிற நாளும்தான் தகராறு அதிகம். காரணம் அந்த நடைதான்.

எங்கள் கடையில் விதி இது: ரேக்கில் இருப்பது குறைந்த விலை என்றால் அந்த விலைக்கே தருவோம். மேனேஜர் வரத் தேவையில்லை, கேஷியரே திருத்தலாம். சீட்டை போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினால் போதும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணும் பொருளின் பார்கோடுக்குக் கீழே இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். யாரோ எடுத்துப் பார்த்துவிட்டு இடம் மாற்றி வைத்த பொருளுக்குப் பக்கத்துப் பொருளின் விலையைத் தர முடியாது.

அடுத்தது ஸ்டாக். இதில்தான் ஊழியர்கள் பொய் சொல்வதாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒருவர் மூன்று ஷாம்பூ பாட்டில் வாங்குகிறார் என்று வையுங்கள். இரண்டு நீல மூடி, ஒன்று பச்சை மூடி. மூன்றும் ஒரே விலை. கேஷியர் நீலத்தை ஒரு முறை ஸ்கேன் செய்துவிட்டு "மூன்று" என்று அழுத்திவிடுகிறார். பில் தொகை சரி, வரிசையும் நகர்கிறது. ஆனால் கணக்கில் நீலம் ஒன்று குறைந்துவிட்டது, பச்சை ஒன்று கூடிவிட்டது. சில நாளில் பச்சை தீர்ந்துபோகிறது. கம்ப்யூட்டரோ இன்னும் ஒன்று இருக்கிறது என்கிறது. புதிய சரக்குக்கு ஆர்டர் போடுவதும் அதே கம்ப்யூட்டர்தான். இருக்கிறதே, எதற்கு வாங்க வேண்டும் என்று அது பேசாமல் இருந்துவிடும். அந்த இடம் காலியாகவே கிடக்கும், நீங்கள் வரும்போதெல்லாம்.

அதனால்தான் இப்போது ஒரே விலைப் பொருளாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஸ்கேன் செய்யச் சொல்லியிருக்கிறோம். "எல்லாம் ஒரே விலைதானே, சீக்கிரம் போடுங்க" என்று கேஷியரை அவசரப்படுத்த வேண்டாம்.

கணக்கு பிசகுவதற்கு வேறு வழிகளும் உண்டு. திருட்டு, உடைப்பு, கிடங்கில் பிரிக்காமல் இருக்கும் பெட்டி. அப்புறம், கடைசி நேரத்தில் வேண்டாம் என்று முடிவு செய்து, தலையணை உறையைச் செருப்பு ரேக்கில் விட்டுப்போகிறவர்கள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லும் ஊழியர் உண்மையில் போய்த்தான் பார்க்கிறார். ஆனால் தலைக்கு மேல் அடுக்கிய பெட்டிகளைக் கடையில் ஆள் நடமாடும் நேரத்தில் இறக்க எங்கள் பாதுகாப்பு விதி இடம் தராது. எங்கள் அனுபவத்தில், கம்ப்யூட்டர் பத்து என்றால் நம்பலாம். ஒன்று, இரண்டு என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து வருகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்தால், ஊழியர் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் "இருக்கிறது" என்று சொல்வார்.

திருப்பிக் கொடுக்கும் விஷயத்துக்கு வருவோம். மின்சாதனம் என்றால் பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணையும் கருவியின் அடியில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். புதிதாக வாங்கி, வீட்டில் இருக்கும் பழையதை அதே பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது எங்கும் நடக்கிற ஏமாற்று. தெரியாமல் அதைத் திரும்ப ரேக்கில் வைத்துவிட்டால், அடுத்து வாங்குகிறவர் நீங்களாகவும் இருக்கலாம். எண்ணைப் பார்க்கும்போது வருத்தப்பட வேண்டாம், எல்லாருக்கும் பார்க்கிறோம்.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் மை கிடையாது. காகிதத்தின் மேல் இருக்கும் பூச்சு சூடு பட்டால் கறுக்கும், அவ்வளவுதான். வெயிலில் நிற்கும் காரிலோ பிளாஸ்டிக் உறைக்குள்ளோ வைத்தால் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். அந்தப் படத்தை ஏற்றுக்கொள்கிறோம். கார்டில் கட்டியிருந்தால் பணம் அதே கார்டுக்குத்தான் திரும்பும். ரொக்கமாகத் தந்தால், திருட்டுக் கார்டில் வாங்கிப் பணமாக மாற்ற வழி திறந்துவிடும். நாங்கள் அன்றே அனுப்பிவிடுவோம். ஆனால் அது எங்கள் வங்கி, கார்டு நிறுவனம், உங்கள் வங்கி என்று மூன்று கை மாறிப் போவதால் சில நாள் ஆகிறது. அனுப்பியதற்கான சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திருப்பி எடுத்துக்கொள்வது கடை தரும் வாக்கு. வாரண்டி என்பது தயாரித்த நிறுவனம் தரும் வாக்கு. எங்கள் கெடு முடிந்த பிறகு கருவி பழுதானால் கவுண்டரில் இருப்பவரால் மாற்றித்தர முடியாது. பிரித்துப் பார்க்கவும் கூடாது, அதனால் உங்கள் வாரண்டியே செல்லாமல் போகலாம். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் புகாரைப் பதிந்து எண் வாங்கித் தருவதை மட்டும் எங்கள் மேசையிலேயே செய்து தருகிறோம்.

டிவி, ஃப்ரிட்ஜ் பகுதியில் வேறு நிறச் சட்டையில் நிற்பவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை. அந்தந்தக் கம்பெனி சம்பளம் கொடுத்து நிறுத்தியிருப்பவர்கள். தங்கள் கருவியைப் பற்றி எங்கள் ஊழியர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால் இந்த ஏற்பாட்டை விடவும் மனமில்லை. ஆனால் "இது நல்லதா, அது நல்லதா" என்ற கேள்வியை அவர்களிடம் கேட்காதீர்கள். கடைச் சட்டை போட்டவரைக் கூப்பிடுங்கள்.

ஸ்கேன் ஆன பொருளை நீக்கச் சொன்னால் கேஷியர் ஏன் சூப்பர்வைசரைக் கூப்பிடுகிறார் என்று சிலர் கோபப்படுகிறார்கள். ஸ்கேன் செய்துவிட்டு ரகசியமாக நீக்கித் தெரிந்தவருக்கு இலவசமாக அனுப்புவது கடைகளுக்கு உள்ளேயே நடக்கிற திருட்டு வகை. பில்லிலிருந்து பொருளை நீக்குவதற்கான சாவி கேஷியரிடம் இருக்கக் கூடாது என்பது அவருக்கும் பாதுகாப்புதான்.

கடைசியாக வரிசை. மூன்று கவுண்டருக்கு மூன்று வரிசை இருந்தால், நாம் நிற்கும் வரிசையே வேகமானதாக இருக்க மூன்றில் ஒரு வாய்ப்புதான். பக்கத்து வரிசை எப்போதும் முந்துவதாகத் தோன்றுவதற்கு ஜாதகம் காரணமில்லை. அடுத்த மாதம் முதல் எல்லாக் கவுண்டருக்கும் சேர்த்து ஒரே வரிசை. பார்க்க நீளமாகத் தெரியும், பயப்படாதீர்கள். முதலில் வந்தவர் முதலில் போவார், ஒரு பில்லில் சிக்கல் வந்தாலும் பின்னால் இருப்பவர்கள் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். டிராலியோடு நிற்க இடம் வேண்டும் என்பதால் நடுவில் இருந்த சலுகைக் கூடைகளை எடுத்துவிட்டோம். சாக்ஸ் தேடுகிறவர்கள் இனி இடது பக்கச் சுவரோரம் பாருங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு