மலைப்பாதைப் பலகையில் ஒரு தாளுக்கு இடம் இருக்கிறதா?

வாஷிங்டன் மாநிலத்தில் வேட்டைப் பருவத்தை முடிவு செய்கிறவர்களுக்கும், மலைப்பாதைகளைப் பராமரிக்கிறவர்களுக்கும்,

வணக்கம். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் கேஸ்கேட் மலைத்தொடரில் ஒரு ட்ரெயில்ஹெட்டில், அதாவது நடைபாதை தொடங்கும் இடத்தில், இருந்த அறிவிப்புப் பலகையைப் பற்றியது இந்த மடல். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அது அந்த ஒரு பலகையின் குறை மட்டும் இல்லை. பலகையில் நான்கு தாள்கள் இருந்தன. நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்லுங்கள், நெருப்பு மூட்டாதீர்கள், கரடி வரும் என்பதால் சாப்பாட்டைப் பத்திரப்படுத்துங்கள், வண்டியில் பாஸ் தெரியும்படி வையுங்கள். எல்லாம் நல்ல அறிவுரை. அதே பாதையின் மேல்பாதியில் அன்று ரைபிளோடு மான் வேட்டை திறந்திருந்தது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. வேட்டை திறந்திருக்கிற நாட்களில், அதைச் சொல்கிற ஒரு தாளைப் பாதை தொடங்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

வேட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் காடு வேட்டைக்காரர்களுக்கும் உரியது. அவர்கள் உரிமம் வாங்குகிறார்கள். 1972 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பையும் முடித்திருக்க வேண்டும். ரைபிள் பருவத்தில் மான், எல்க் (பெரிய மான் வகை) தேடிப் போகிறவர், இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலத்துக்கு ஒளிரும் ஆரஞ்சோ பிங்கோ அணிந்தாக வேண்டும். பிரிண்டர் தாள் நாலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வருவதைவிடக் கொஞ்சம் பெரிய பரப்பு. வேட்டைக்காரரை வேட்டைக்காரர் சுட்டுவிடக் கூடாது என்று இவ்வளவு யோசித்தவர்கள், அதே பாதையில் கறுப்பு ஜாக்கெட்டும் பழுப்புத் தொப்பியுமாக வருகிற குடும்பத்துக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது எப்படி?

"விதிமுறைப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது" என்பீர்கள். இருக்கிறது. லேக் இங்கால்ஸ் என்ற மலை ஏரிக்குப் போக நினைக்கிற ஒருவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று பார்ப்போம். முதலில் அந்தப் பாதை எந்த வேட்டை நிர்வாகப் பிரிவில் வருகிறது என்று தெரிய வேண்டும். அந்த எண் நடைபயணிகள் வாங்கும் வரைபடத்தில் இருக்காது. எண் கிடைத்தால், நூறு பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகத்தில் மானுக்கு ஒரு அட்டவணை, எல்க்குக்கு ஒன்று, கரடிக்கு ஒன்று. மானும் எல்க்கும் வில், பழைய பாணித் துப்பாக்கி, நவீனத் துப்பாக்கி என்று பிரியும், தேதியும் வேறுபடும். இதையெல்லாம் தாண்டியவரும் ஒன்றைத் தவறவிடுவார்: செப்டம்பர் 15 முதல் 25 வரையிலான உயர்மலை மான் வேட்டை. அது சில வனாந்தரப் பகுதிகளுக்கு மட்டும் உரியது. ஆல்பைன் லேக்ஸ் அதில் ஒன்று. லேக் இங்கால்ஸ் பாதை தொடங்குவது அந்த எல்லைக்கு வெளியே; இங்கால்ஸ் கணவாயைக் கடந்த பிறகுதான் உள்ளே. கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் ஒரு விதி. பொன்னிறமாகிற லார்ச் மரங்களைப் பார்க்க எல்லோரும் போவதும் அந்தப் பக்கத்துக்குத்தான்.

மேப்பிள் பாஸ் என்ற கணவாய் இன்னொரு வகை. மேட்டின் ஒரு பக்கம் வேட்டைக்கு இடமே இல்லாத நார்த் கேஸ்கேட்ஸ் தேசியப் பூங்கா, மறுபக்கம் வேட்டை அனுமதிக்கப்பட்ட தேசிய வனம். பெல்வியூவிலிருந்தும் ரெட்மண்டிலிருந்தும் குழந்தைகளோடு மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறவர்களுக்கு இந்தக் கோடு எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? புரட்டாசி பிறந்ததும் கறியை நிறுத்திவிட்டு மலைக்கு வந்தவர்கள், மான் வேட்டைக்கு நடுவில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது வீண் பயம் இல்லை என்று உங்களுக்கே தெரியும். 2008 ஆகஸ்ட் 2 அன்று சாக் மலைப் பாதையில் ஒரு பெண்மணி பையில் எதையோ வைக்கக் குனிந்தார். அவரைக் கரடி என்று நினைத்துச் சுட்டவன் 14 வயதுப் பையன். ஆகஸ்ட் மாதம். வேட்டை என்றால் இலையுதிர் காலம்தான் என்று நினைத்திருக்கிற யாருக்கும் ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 15 வரை நீள்கிற கரடிப் பருவம் நினைவுக்கு வராது. மெய்ன் மாநிலத்தில் 1988 நவம்பரில் தன் வீட்டுக் கொல்லையில் நின்ற ஒரு தாய் சுடப்பட்டு இறந்தார். அவர் கையில் வெள்ளைக் கையுறை. அங்குள்ள மான் மிரண்டு ஓடும்போது தூக்குகிற வால் வெள்ளை.

தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். என்ன விலங்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பாதையின் எந்தப் பகுதியில். என்ன ஆயுதம் என்பதும் வேண்டும். வில்லோடு வருகிறவர் புதரோடு புதராக மிக அருகில் இருப்பார். ரைபிள் குண்டு குறி தவறினால் ஒரு மைலுக்கு மேலும் போகும். நேரத்தைக் கடிகாரக் கணக்கில் எழுதுங்கள். "சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு" என்றால் யாரும் கணக்குப் போட மாட்டார்கள். செப்டம்பர் 20 வாக்கில் காலை 6.20க்கே சுடலாம் என்றால் புரியும். லார்ச் பார்க்க வருகிற கூட்டம் விடிவதற்கு முன்பே ஹெட்லாம்ப் கட்டிக்கொண்டு ஏறுகிறது. உதயப் படம் எடுக்க விளக்கை அணைக்கிற நேரமும் இதுவே.

உடை பற்றி நாலு வரி போதும். கறுப்பு, பழுப்பு, வெள்ளை வேண்டாம். சிவப்பும் உதவாது, மங்கின வெளிச்சத்தில் அது கருமையாகத் தெரியும். ஒளிரும் ஆரஞ்சு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் வாங்கி ஆரஞ்சாகத் திருப்பித் தருவதால் மங்கலிலும் பளிச்சென்று இருக்கும். மானுக்கு அந்த நிறம் பிரித்துத் தெரியாது, ஆகவே வேட்டைக்கும் கெடுதல் இல்லை. முக்கியமானது முதுகுப் பை. ஆரஞ்சு வெஸ்ட்டைப் போட்டு, அதன் மேல் சாம்பல் நிறப் பையை மாட்டிக்கொள்கிறார்கள். பின்னாலிருந்து பார்த்தால் ஆரஞ்சு காணாமல் போய்விடும், குனிந்தால் சுத்தமாக இல்லை. பைக்கு ஆரஞ்சு மழையுறை போடவோ, வெஸ்ட்டைப் பைக்கு மேலே கட்டவோ சொல்லுங்கள். சிறுநீர் கழிக்கப் புதருக்குள் போகிறவர் பேசிக்கொண்டே போகட்டும். வேட்டையைக் கெடுக்க வேண்டுமென்றே சத்தம் போடுவது குற்றம் என்பதையும் அதே தாளில் சேருங்கள். இரண்டு தரப்புக்கும் நியாயமாக இருக்கும்.

பருவம் முடிந்த மறுநாள் தாளைக் கிழித்துவிடுங்கள். போன வருடத் தேதி தொங்குவதைவிட வெறும் பலகை மேல்.

ஆள் இல்லை, பணம் இல்லை என்ற பதில் வரலாம். மாநில நிலங்களில் வண்டி நிறுத்துவதற்கான டிஸ்கவர் பாஸ் ஆண்டுக்கு 30 டாலராக இருந்தது, 2025 அக்டோபரிலிருந்து 45. அதைக் கண்ணாடியில் மாட்ட மறந்த வண்டிக்கு 99 டாலர் அபராதச் சீட்டு வைக்க, எவ்வளவு கரடுமுரடான மண்சாலையின் கோடியிலும் ஒருவர் வந்துவிடுகிறார். அவர் பையில் நாலு தாளும் ஒரு ஸ்டேப்லரும் கொடுத்தனுப்பினால் எடை கூடிவிடாது. கூட்ட அறையில் கருத்துக் கேட்புக்கு மூன்று நிமிடம் தருகிறீர்கள், நன்றி சொல்கிறீர்கள், அடுத்த செப்டம்பரிலும் பலகையில் நாயும் கரடியும்தான். கோபம் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவாகவே கேட்கிறோம்: பாதை தொடங்கும் இடத்தில் ஒரு தாள். நிலம் ஒருவருடையது, விதி இன்னொருவருடையது என்று நீங்கள் இரு தரப்பும் மாறி மாறிக் கைகாட்டாமல், வாசகத்தை மட்டும் ஒப்புக்கொண்டு கொடுத்தால் போதும். அச்சடித்து, மழைக்கு லேமினேட் செய்து, உங்கள் அனுமதியோடு ஒட்டி, பருவம் முடிந்ததும் எடுக்கிற வேலையை நாங்களே செய்கிறோம். கரடிப் பருவம் தொடங்குவது ஆகஸ்ட் 1. ஜூலைக்குள் பதில் வந்தால் முதல் வார இறுதிக்கே தாள்கள் தயாராகிவிடும். இதன் ஆங்கிலப் படி தனியே உங்களுக்கு வருகிறது.

இப்படிக்கு,
கேஸ்கேட் மலைகளில் நடக்கிற தமிழர்கள் சிலர்