கன்று போட்ட எருமைக்கும் பத்தியம் உண்டு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்த அன்று மகளைப் பிரசவத்துக்காக இங்கே சிங்கப்பூரில் கேகே மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பேத்தி பிறந்திருக்கிறாள். இருவரும் நலம். வீடு முழுக்கப் பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும்தான் மணக்கிறது. 'கேகே' என்பது காண்டாங் கெர்பாவ். மலாயில் எருமைக் கொட்டில் என்று அர்த்தம். பக்கத்தில் தேக்காவில் பஃபலோ ரோடுகூட இருக்கிறது. ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த வட்டாரம். அங்கே உட்கார்ந்துதான் உன் முர்ரா எருமையின் கதையைப் படித்தேன்.

ஈன்று 3 வாரம்கூட ஆகவில்லை, இடுப்பெலும்பு தெரிகிறது, தவிடு, புண்ணாக்கு கலந்த அடர்தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, கண் பட்டுவிட்டதோ என்று எழுதியிருக்கிறாய். கண்ணெல்லாம் இல்லைடா. அது தன் உடம்பையே கரைத்துப் பாலாக்கிக்கொண்டிருக்கிறது.

ஈன்ற 6, 8 வாரத்தில் கறவை உச்சத்துக்குப் போய்விடும். பசி அந்த வேகத்துக்கு ஏறாது. எருமைப்பாலில் கொழுப்பே 7 சதவீதம் இருக்கும். பாலின் இனிப்புக்குக் குளுக்கோஸும் வேண்டும். அசை போடும் பிராணிக்குத் தீனியிலிருந்து நேராகக் கிடைக்கும் குளுக்கோஸ் சொற்பம். ஈரல்தான் உண்டாக்கித் தர வேண்டும். தீனி போதாதபோது உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலுக்கு வந்து குவியும். ஈரல் திணறினால், கொழுப்பு கரைவதில் உண்டாகும் கீட்டோன்கள் என்ற பொருள்கள் ரத்தத்தில் ஏறும். அப்போது முதலில் அடர்தீவனத்தைத்தான் மறுக்கும், வைக்கோலைக் கொறிக்கும். மூச்சில் ஒருவித இனிப்பு வாடை வரும். முகர்ந்து பார்த்தாயா?

டாக்டரை இன்றே கூப்பிடு. பால் கூட வேண்டுமென்று தவிட்டையும் புண்ணாக்கையும் ஒரே நாளில் கொட்டிவிடாதே. வெல்லத்தையும் அள்ளிக் கொடுக்காதே, வயிறு புளித்துப் படுத்துவிடும். பசும்புல் தாராளமாக, அடர்தீவனம் கொஞ்சம் கொஞ்சமாக, தாது உப்பு தினமும். மூத்திரத்தின் நிறத்தையும் பார். காப்பி நிறத்தில் போனால் அது வேறு: பாஸ்பரஸ் குறைந்து ரத்த அணுக்கள் உடைகின்றன. ஈன்ற சில வாரங்களில் எருமைக்கு வரக்கூடியது, உயிருக்கே ஆபத்து.

சீம்பால் நாட்களில் கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுக்கவில்லை என்று எழுதியிருந்தாய், நல்லது. அது சுண்ணாம்புச் சத்து மடிக்கு ஓடிவிடுவதால் வரும் பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், காது சில்லென்று இருக்கும்.

30 வருடம் கால்நடை மருந்தகத்தில் நான் பார்த்தது ஒன்றுதான். நம் ஆட்கள் கறக்கும் மாட்டுக்குத் தீனி போடுவார்கள், வற்றிய மாட்டை மறந்துவிடுவார்கள். சினை 10 மாதத்துக்கும் மேல். கடைசி 2 மாதம் பாலை வற்றவிட்டுத் தேற்ற வேண்டும். ஊதவும் விடக் கூடாது. கொழுத்த எருமைதான் ஈன்றதும் அதிகம் சரியும். ஈனுவதற்கு 3 வாரம் முன்பிருந்தே அடர்தீவனத்தைப் பழக்கிவிட்டால் வயிறு தயாராகிவிடும். அடுத்த ஈற்றுக்கு இதை மறக்காதே.

இளைத்த எருமை பருவத்துக்கு வருவதும் தள்ளிப்போகும். அதற்குத்தான் கத்தாமல் ஊமையாகவே பருவம் வந்து போகுமே, கவனமாகப் பார்.

டாக்டர் சொன்னதை உடனே எழுது. அப்புறம், கன்று கிடாரியா கிடாவா என்று நீ எழுதவே இல்லையே!

அன்புடன்,
உன் நண்பன்