கணக்குப் பாடவேளையில் வந்த வயிற்றுவலி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்வு நேரத்தில் பிள்ளைகளுக்கு வரும் வயிற்றுவலிக்குச் சென்ற வார மருத்துவப் பக்கத்தில் ஓமத் தண்ணீர், மோர், காரம் குறைத்தல் என்று குறிப்புகள் கொடுத்திருந்தீர்கள். சரி, நல்லதுதான். ஆனால் பயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

31 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஆறாம் வகுப்பில் ஒரு பையன், என் பாடவேளை நெருங்கினாலே தொப்புளைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விடுவான். சாப்பாட்டு மணி அடித்தால் வலி போய்விடும். "நல்லா நடிக்கிறான்" என்று ஸ்டாஃப் ரூமில் நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். வீட்டில் பூச்சி மருந்து கொடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்த அன்று அவனுக்கு அடி விழுந்தது. கரும்பலகையில் கணக்குப் போடத் தெரியாதவர்களை முழங்காலிட வைப்பது அப்போது என் வழக்கம். அதற்கும் அவன் வலிக்கும் முடிச்சுப் போட எனக்கு ஒரு வருடம் ஆனது. வழக்கத்தை விட்டேன். வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை, எப்போதாவது என்றானது.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் 1,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958-இல் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படி வந்து வந்து போகும் வயிற்றுவலி. பெரும்பாலோருக்கு உறுப்பில் கோளாறு எதுவும் அகப்படவில்லை. அதனால் வலி பொய்யாகிவிடாது. குடல் சுவரிலேயே 10 கோடிக்கு மேல் நரம்பணுக்கள் உண்டு. மூளையின் கலக்கம் அவற்றை எட்டாமல் இருக்காது. பயம் நாள்தோறும் தொடர்ந்தால், பல் கூசுவதுபோல் அந்த நரம்புகளும் கூசத் தொடங்கிவிடலாம். வாயு நகர்வதே வலியாகத் தெரியும். ஸ்கேனில் குடலின் உருவம் தெரியும், இந்தக் கூச்சம் தெரியாது. 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்று நாமே சொல்கிறோம். பிள்ளை சொன்னால்தான் நம்புவதில்லை.

எல்லா வலியையும் பயத்தின் தலையில் கட்டவும் கூடாது. எடை குறைவது, மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, தூக்கத்தைக் கெடுக்கும் வலி என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் மாலைவரை அடக்கி, மலச்சிக்கலால் வலி வரும் பிள்ளைகளும் உண்டு. (அந்தக் கழிப்பறைகளுக்குத் தனிக் கடிதமே எழுதலாம்.)

அடுத்த முறை இந்தத் தலைப்பில் எழுதுபவரை ஒரு மனநல ஆலோசகரிடமும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஓமத் தண்ணீர் இருக்கட்டும், "ஸ்கூல்ல யாரைப் பார்த்தா பயமா இருக்கு?" என்று பிள்ளையிடம் கேட்கச் சொல்லும் ஒரு வரியும் அதன் பக்கத்தில் வரட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
மணப்பாறை