கருவியைக் கீழே போட்டாச்சு

கீதா,

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன், திட்டித் தீர்த்துவிட்டு மேலே படி. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன், பேப்பர் வேல்யுவேஷன், காலேஜுக்குத் தர மதிப்பீடு பண்ண நாக் குழு விசிட் என்று காரணம் அடுக்கலாம். உண்மையில் தீசிஸ் என்னாச்சு என்று நீ கேட்பாய், அந்தப் பயம்தான். அம்மா இப்போது மாடி ஏறுகிறாள். குட்டிக்கு முன்பல் முளைத்துவிட்டது. வீட்டுச் செய்தி முடிந்தது.

போன வியாழக்கிழமை கைடு முன்னால் போய் உட்கார்ந்து, "சார், நர்ஸ்களிடம் நிரப்பி வாங்கின அந்த 386 கேள்வித்தாளையும் தீசிஸில் சேர்க்கப்போவதில்லை" என்று சொல்லிவிட்டேன். ஐந்தாவது வருஷத்தில்! சிரிக்காதே. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: "அப்ப டேட்டா எங்கேம்மா?"

எல்லாம் ஒரே ஒரு ஃபாரத்தால் வந்த வினை. ஒரு நர்ஸ், 42 கேள்விக்கும் நடுக்கட்டத்திலேயே டிக் அடித்து, தண்டவாளம் மாதிரி நேராக இறக்கியிருந்தாள். அப்படி வந்தால் கழித்துவிட வேண்டும், தெரியுமே. கழிக்கப்போய்த் திருப்பினால் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கிறாள்: "ராத்திரி ரெண்டு பெல் ஒண்ணா அடிச்சா யார் எங்க போவோம்னு நீங்க கேக்கவே இல்லையே மேடம்."

அன்றைக்குத் தூக்கம் போச்சு. எழுந்து உட்கார்ந்து கார்ல் வைக் கட்டுரையைப் படித்தேன். எம்ஃபில்லில் 'சென்ஸ்மேக்கிங்', அதாவது குழப்பத்துக்கு நடுவில் ஆட்கள் எப்படி அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள் என்று ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினோமே, அதைச் சொன்ன அதே அமெரிக்க ஆராய்ச்சியாளர்தான். 1936இல் இண்டியானாவில் பிறந்து, ஒஹையோவில் டாக்டர் பட்டம் வாங்கி, 1969இல் ஒரு புத்தகம் போட்டார். அதன் சாரம், கம்பெனி, ஆஸ்பத்திரி மாதிரி அமைப்பு என்று ஏதோ ஒரு பொருள் தனியாக நிற்கவில்லை, ஆட்கள் அமைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதுதான். பெயர்ச்சொல்லைப் பிடுங்கி வினைச்சொல்லாக்கிவிட்டார் மனுஷன். நம் புலவரம்மா கேட்டிருந்தால் கட்டிப்பிடித்திருப்பார்.

நான் படித்தது 1993 கட்டுரை. 1949 ஆகஸ்ட் 5, மொன்டானாவில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. காட்டுத்தீயை அணைக்கப் பாராசூட்டில் 15 பேர் குதிக்கிறார்கள், அங்கே ஏற்கெனவே இருந்த ஒருவர் சேர்ந்துகொள்கிறார். மறுநாள் காலை பத்து மணிக்குள் அடங்கிவிடும் தீ என்றுதான் நினைப்பு. அது பள்ளத்தைத் தாண்டி வந்து இவர்கள் முன்னால் நிற்கிறது. மேட்டில் திரும்பி ஓடும்போது தலைவர் டாட்ஜ், கருவிகளை எறியுங்கள் என்கிறார். அப்புறம் தீக்குச்சி கிழித்து எதிரே இருந்த புல்லுக்கே தீ வைத்துவிட்டு, இந்தச் சாம்பலில் வந்து படுங்கள் என்று கூப்பிடுகிறார். எரிந்து முடிந்த இடத்தில் பெரிய தீக்குத் தின்ன ஒன்றும் மிச்சமிருக்காது, அதுதான் கணக்கு. பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதானே தோன்றும்? ஒருவரும் போகவில்லை. 13 பேர் இறந்தார்கள். சாம்பலில் படுத்த டாட்ஜும், பாறை இடுக்கு வழியாக ஏறிய இரண்டு பையன்களும் பிழைத்தார்கள்.

தீயணைக்க வந்தவன் கருவியை எறிந்துவிட்டால் அப்புறம் அவன் யார்? வைக் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். 1996இல் இதே கதையை நம் பக்கமே திருப்பிவிட்டார்: ஆராய்ச்சிக்காரர்களே, உங்கள் கோட்பாடும் முறையும்கூடக் கருவிதான், ஓட வேண்டிய நேரத்திலும் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று. மான் கல்ச் கட்டுரைக்கு அவர் யாரிடமும் கேள்வித்தாள் நீட்டவில்லை தெரியுமா? அந்த விபத்தைப் பற்றி வந்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டே எழுதினார்.

சரி, பூஜை போடவில்லை. ஆல்ப்ஸ் பனியில் வழி தவறிய சிப்பாய்கள் ஒரு மேப்பைப் பார்த்துத் தப்பி வந்த கதையை அவர் திரும்பத் திரும்பச் சொல்வார், வந்தபின் பார்த்தால் அது வேறெங்கோ இருக்கிற பிரனீஸ் மலையின் மேப். அந்தக் கதை ஒரு செக் கவிஞரின் கவிதை. கிட்டத்தட்ட அப்படியே எடுத்து, பெயர் போடாமல் எழுதியிருக்கிறார் என்று பிற்பாடு ஆட்கள் பிடித்தார்கள். எனக்கு முதல் அத்தியாயத்தில் காப்பி பதினாலு சதவீதம் என்று சாஃப்ட்வேர் காட்டியதற்கே வயிற்றைக் கலக்கியது!

அப்புறம் இதையும் நினைக்கிறேன் கீதா. 1977 முதல் எட்டு வருஷம் பெரிய ஜர்னலுக்கு ஆசிரியராக இருந்தவர், கருவியை எறி என்று மிச்சிகனில் உட்கார்ந்து சொல்லலாம். எனக்கு பி.எச்டி. இல்லாவிட்டால் இன்கிரிமென்ட் இல்லை, நாற்பத்திரண்டு வயசு வேறு. கமிட்டியில் சாம்பிள் சைஸ் எவ்வளவு என்று கேட்டால், ஒரு வார்டு, ராத்திரி நாலு நர்ஸ் என்றா சொல்வது?

கைடு மாசக் கடைசிக்குள் பத்துப் பக்கம் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லவில்லை பார், அதுவே பெரிசு. திங்கள் முதல் நைட் டூட்டியில் வார்டு ஓரமாக உட்கார அனுமதி வாங்கியிருக்கிறேன். உன் பாக்டரியில் பாய்லர் நின்ற ராத்திரிக் கதையை ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் கொட்டாவி விடுவேனே, அதை முழுசாக எழுதி அனுப்பு. யார் முதலில் ஓடினது, யார் சொல்லி ஓடினது, எல்லாம் வேண்டும்.

கேள்வித்தாள் கட்டு பீரோ மேலே இருக்கிறது. பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடவா என்று அம்மா காலையில் கேட்டாள். ஐயோ, தொடாதே என்று கத்திவிட்டேன்.

சாரதா