கிம் யங்-ரான் பற்றி

அன்புள்ள கவிதா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார் என்று படித்ததும்தான் நிம்மதி. நாங்கள் சியோலில் நலம்.

பெரிய பதவியில் இருந்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு அந்தச் செல்வாக்கைக் காசாக்குவதைப் பற்றிக் கோபமாக எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கோபம் உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி வக்கீலாக வந்து நின்றால், பழைய சகாக்கள் சலுகை காட்டுவார்கள் என்ற சந்தேகம் கொரியர்களுக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. அதனால்தான் கிம் யங்-ரானை எனக்கு இவ்வளவு பிடிக்கிறது.

1956-இல் பூசானில் பிறந்தவர். 2004-இல் கொரிய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை; சீனியாரிட்டி பார்க்கும் இடத்தில் அது சாதாரணமில்லை. மறு ஆண்டே ஒரு பெரிய தீர்ப்பு வந்தது. ஒரே மூதாதையர் வழிவந்தவர்கள் இங்கே குலச் சங்கம் வைத்து, பொது நிலமும் வைத்திருப்பார்கள். அதுவரை அதில் வயதுவந்த ஆண்கள் மட்டுமே உறுப்பினர்களாக இருந்தார்கள். யோங்கின் யீ குலத்தின் பெண்கள் வழக்குப் போட்டார்கள். பெண்களும் உறுப்பினர்கள்தான் என்று 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்று அந்த நீதிமன்றத்தில் இருந்த ஒரே பெண் நீதிபதி கிம்தான்.

2010-இல் பதவிக்காலம் முடிந்ததும் அவர் வக்கீல் அலுவலகம் திறக்கவில்லை. சோகாங் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் கற்பிக்கப் போனார். அப்புறம் 2011-இல் ஊழல் தடுப்பு ஆணையத்தின் தலைவரானார். பணம் வாங்கிய அதிகாரி, "அதற்குக் கைமாறாக நான் எதுவும் செய்யவில்லையே" என்று தப்பிக்கும் வழி அப்போது இருந்தது. கைமாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே நபரிடம் ஒரு தடவையில் 10 லட்சம் வொன்னுக்கு மேல் வாங்கினால் குற்றம் என்று அவர் யோசனை வைத்தார். 2012-இல் கணவர் அதிபர் தேர்தலில் நின்றதால் பதவியிலிருந்து விலகிவிட்டார். சட்டம் 2015-இல் நிறைவேறி, 2016 செப்டம்பர் 28-இல் நடைமுறைக்கு வந்தது. ஊரே அதை 'கிம் யங்-ரான் சட்டம்' என்றுதான் சொல்கிறது.

ஆசிரியர்களுக்கும் சின்னப் பொருள்களுக்கும்கூட இந்தச் சட்டம் பொருந்தும். முதல் நாளே, ஒரு மாணவர் பேராசிரியருக்கு டின் காபி கொடுத்தார் என்று போலீசுக்கு போன் போனது! அதிகாரிகளுக்கு வாங்கிக் கொடுக்கும் சாப்பாட்டுக்கு 30,000 வொன் வரம்பு; அதற்குள் அடங்கும் சாப்பாட்டுக்கு உணவகங்கள் கிம்மின் பெயரையே வைத்தன. 2024-இல் அந்த வரம்பு 50,000 ஆகிவிட்டது. பையனின் வகுப்பு ஆசிரியைக்கு ஒரு டப்பா முறுக்குகூட நான் கொடுக்க முடியாது. முதலில் மனசு கேட்கவில்லை. இப்போது எல்லாப் பெற்றோருக்கும் ஒரே நிலை என்பது ஆறுதலாகவே இருக்கிறது.

இதே சட்டத்தை வேறொருவர் கொண்டுவந்திருந்தால் மக்கள் இவ்வளவு நம்பியிருப்பார்களா என்று தெரியவில்லை. தனக்கு வந்திருக்கக்கூடிய பணத்தை முதலில் விட்டவர் அவர். சொந்தக்காரர்களுக்குச் சாதகமாக அதிகாரிகள் நடப்பதைத் தடுக்கும் பகுதியை நாடாளுமன்றம் நீக்கியபோது வருத்தத்தை வெளிப்படையாகச் சொன்னார். அது தனிச் சட்டமாக 2021-இல்தான் நிறைவேறியது.

உன் வக்கீல் நண்பர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது. அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மாலதி