கயிறா, ஊசியா என்பது மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தூக்குக்குப் பதிலாக விஷ ஊசி போடலாமா என்ற வழக்கு 2017 முதல் உச்ச நீதிமன்றத்தில் பேசப்பட்டு வருகிறது. ஊசி வலிக்காது என்று நம்புகிறவர்கள் அமெரிக்காவின் அலபாமாவைப் பார்க்கட்டும். 2022 நவம்பரில் கென்னத் ஸ்மித் என்ற மரண தண்டனைக் கைதிக்கு ஊசி போட நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்திப் பார்த்துக் கைவிட்டார்கள். 2024 ஜனவரியில் அதே மனிதரை நைட்ரஜன் வாயு செலுத்திக் கொன்றார்கள். அவர் துடித்ததைச் செய்தியாளர்கள் நேரில் பார்த்து எழுதினார்கள்.

வேலூர் தொரப்பாடி மத்திய சிறை மதிலை ஒட்டிப் பேருந்தில் போய்வருகிற எனக்கு வேறொன்றுதான் உறுத்துகிறது. ராஜீவ் கொலை வழக்கில் பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவருக்கும் இங்கேதான் 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. கருணை மனுவுக்குப் பதில் சொல்லவே 11 ஆண்டுகள் ஆகியிருந்தன; அந்தத் தாமதத்துக்காகவே 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. (குற்றத்தின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை, அன்று ஸ்ரீபெரும்புதூரில் பலியான காவலர்களுக்கும் குடும்பம் உண்டு.)

கயிறு இறுக்கும் நேரத்தை நொடிக்கணக்கில் அளக்கிறோமே, அந்த 11 ஆண்டுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேலூர்.