கொம்பு எங்கிருந்து முளைத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஆங்கில நாவலாசிரியர் ரைடர் ஹாகர்டின் ‘எரிக் பிரைட்ஐஸ்’ நாவலுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் “கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு ஊர் ஊராய்க் கொள்ளையடிக்கும் வைக்கிங் கும்பலின் கதை, பையன்கள் ரசிப்பார்கள்” என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டாரே, அவர் படித்தது நாவலையா, பின்னட்டையையா?

எரிக் ஐஸ்லாந்து விவசாயி மகன். அந்நாட்டின் பொதுச்சபையான அல்திங் மூன்று வருடம் நாடு கடத்தியதால்தான் கப்பலேறுகிறான். கல்யாண இரவில், அவன் பக்கத்தில் தூங்கும் குட்ருடாவை அவனுடைய வாளாலேயே கொல்கிறார்கள். இதைப் பையன்கள் ரசிப்பார்களாம்!

நான் பெண்கள் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள். இந்தப் புத்தகத்துக்குச் சொல்லிவைத்துக் காத்திருந்தவர்கள் எங்கள் மாணவிகள். தன்னைத் தவிர யாரும் அவன் முடியில் கத்தரி வைக்கக் கூடாது என்று எரிக்கிடம் குட்ருடா கேட்டிருக்க, அவனை அடையத் துடிக்கும் அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரி ஸ்வான்ஹில்ட், ஓர்க்னித் தீவுகளில் அதை வெட்டுகிறாள் அல்லவா? அந்தப் பக்க ஓரத்தில் யாரோ பென்சிலால் ‘பாவி’ என்று எழுதியிருந்தார்கள். அழிப்பது என் வேலைதான். மனசு வரவில்லை.

வைக்கிங்குகள் என்ற அந்தப் பழைய வட ஐரோப்பியக் கடலோடிகள் கொம்புக் கவசம் அணிந்ததற்குச் சான்றில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கொம்பைப் பிரபலமாக்கியது 1876இல் ஜெர்மனியின் பைராய்ட்டில் நடந்த, இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவுக்கு டோப்லர் வடிவமைத்த உடைகள். நார்வேயில் யெர்முண்ட்பூவில் 1943இல் கிடைத்த நிஜ வைக்கிங் தலைக்கவசத்தில் கொம்பே கிடையாது. ஹாகர்ட் 1888இல் ஐஸ்லாந்து போய், ஐஸ்லாந்தின் பழங்கதையான ந்யால் சாகாவில் வரும் இடங்களை நேரில் பார்த்துவிட்டு எழுதியவர். திரும்பும்போது அவர் வந்த கப்பல் பாறையில் மோதியது. அவ்வளவு பாடுபட்டு எழுதிய மனிதருக்கு, இணையத்தில் முதலில் அகப்பட்ட கொம்புப் படத்தை ஒட்டிவிட்டீர்கள்.

இது புதிதும் அல்ல. இதே பகுதியில் முன்பு ஹாகர்டின் ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ நாவலை ஸ்டீவன்சன் தலையில் கட்டினீர்கள். இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். ‘இணைப்பிதழ் அருமை’ என்ற முதல் வரியை மட்டும் என் பெயரோடு பிரசுரித்தீர்கள்! தெருவில் எல்லாரும் பாராட்டினார்கள். புத்தகப் பக்கமும் நகைக்கடை விளம்பரத்துக்கு விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துப் பாதியாகிவிட்டது.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போதும். அதற்கும் இடமில்லை என்றால் குறுக்கெழுத்து விடைகளையாவது போடுங்கள், ஐயா. பல வாரமாய்க் காணோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர், மதுரை